நாபோத்தின் தோட்டமும் 47 சதவீதமும்

வேதத்தில் வரும் ஆகாப் ராஜா நாபோத்திடம் திருட வரவில்லை, விலை பேசத்தான் வந்தான். அரண்மனையை ஒட்டியிருக்கிற உன் திராட்சத்தோட்டத்தைக் கொடு, கீரைத்தோட்டம் போடவேண்டும். பதிலுக்கு இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அது வேண்டாமென்றால் பணமாக வாங்கிக்கொள் என்று கேட்டான். பிதாக்கள் விட்டுப்போன சொத்து, தரமாட்டேன் என்றான் நாபோத். பிறகு ராணி யேசபேல் பொய்ச்சாட்சி பிடித்ததும், நாபோத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்ததும் ஓய்வுநாள் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கொலை பெரிதாக நிற்பதால் முன்னால் நடந்த பேரம் கண்ணில் படுவதில்லை. தென்தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்தில் உபதேசியாராக இருந்த என் அப்பா மட்டும் அந்தப் பேரத்தில்தான் போய் நிற்பார். "வெல குடுத்தா சரியாப் போச்சாட்டி? கேட்டதே தப்புல்லா" என்பார்.

திராட்சைக்காக ஒரு விவசாயி அரசை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வழக்கை நான் படித்தது கலிபோர்னியாவின் ஃபிரஸ்னோவில், மகன் வீட்டில். பாளையங்கோட்டையில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவளுக்கு அங்கே போனால் படிப்பதும் நடப்பதும்தான் வேலை. நடக்கிற வழியெல்லாம் திராட்சைக் கொடி. அமெரிக்காவில் விளைகிற உலர்திராட்சை ஏறக்குறைய முழுதும் அந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியிலிருந்துதான் வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் குலைகளை அறுத்து, வரிசைகளுக்கு நடுவே மண்ணைச் சமன்செய்து, காகிதம் விரித்து அதன்மேல் பரப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் வெயில். நடுவில் ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். பச்சைத் திராட்சை நாலு கிலோவுக்கு மேல் போட்டால்தான் காய்ந்தது ஒரு கிலோ தேறும். பதமானதும் காகிதத்தோடு சுருட்டிவைத்து அள்ளிப் போகிறார்கள். செப்டம்பரில் ஒரு மழை பெய்தால் வருஷமே போயிற்று. புன்னைக்காயலில் கருவாடு காயப்போட்டவர்கள் வானத்தைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே பார்வைதான் இங்கும்.

வழக்கின் கதை இது. 1930களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலைகள் விழுந்தபோது, 1937இல் அமெரிக்கா விளைபொருள் சந்தைப்படுத்தல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்கீழ் 1949இல் கலிபோர்னியா உலர்திராட்சைக்குத் தனி ஆணை வந்தது. அதை நடத்த ஒரு நிர்வாகக் கமிட்டி, 47 உறுப்பினர்கள்: விவசாயிகள் 35, பதப்படுத்தி விற்பவர்கள் 10, விவசாயிகள் பேரச் சங்கத்துக்கு ஒருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர். தின்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. வருஷாவருஷம் இந்தக் கமிட்டி, விளைந்ததில் இத்தனை சதவீதத்தைச் சந்தையில் விற்கலாம், மீதி ஒதுக்குச் சரக்கு என்று அறிவிக்கும். ஒதுக்குச் சரக்கின் உரிமை கமிட்டிக்கு. விற்றாலும் கொடுத்தாலும் அவர்கள் இஷ்டம். செலவு போக ஏதாவது மிஞ்சினால் விவசாயிக்குப் பங்கு. உள்நாட்டில் வரத்தைக் குறைத்தால் விலை நிற்கும் என்பதுதான் கணக்கு.

2002-03இல் ஒதுக்கு 47 சதவீதம். அடுத்த வருஷம் 30. முதல் வருஷம் ஒதுக்கியதற்கு வந்த பணம் விளைவித்த செலவுக்கே காணவில்லை. அடுத்த வருஷம் ஒன்றுமே வரவில்லை. ஃபிரஸ்னோவுக்கு மேற்கே கெர்மனில் மார்வின் ஹார்ன், லாரா ஹார்ன் என்ற தம்பதி கொடுக்க மறுத்தார்கள். ஒருநாள் காலை எட்டு மணிக்கு அரசாங்கம் லாரிகளை அனுப்பியது. ஹார்ன் குடும்பம் உள்ளே விடவில்லை. கொடுக்காத திராட்சையின் மதிப்பு சுமார் 4,80,000 டாலர், அதோடு அபராதம் 2,00,000 டாலருக்குச் சற்று மேல் என்று விதித்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டுமுறை போய், 2015 ஜூன் 22 அன்று முடிந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்: இது சொத்தைக் கையகப்படுத்துவது, நியாயமான ஈடு கொடுக்காமல் எடுக்க முடியாது, அபராதமும் கட்டவேண்டாம். 1215இல் இங்கிலாந்து மன்னன் ஜான் முத்திரையிட்ட மகா சாசனத்தையும் எடுத்துக்காட்டினார். பணம் கொடுக்காமல் குடிகளின் தானியத்தை அதிகாரிகள் எடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

எட்டு நூற்றாண்டு பின்னால் போனவர் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம். போயிருந்தால் நாபோத் குறுக்கே வந்திருப்பான், தீர்ப்புக்குச் சங்கடமாகியிருக்கும். இந்தத் தீர்ப்பின்படி ஆகாப் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. ஈடு பேசினான், சந்தை விலைக்கு மேலேயே பேசினான். இன்று அவன் ஒரு நல்ல வக்கீலை வைத்து, கீரைத்தோட்டத்தைப் பொதுத்தேவை என்று காட்டிவிட்டால் வழக்கு அவன் பக்கம். எடுத்தது சரியா, எடுத்ததற்குக் கொடுத்தது சரியா என்று இரண்டு கேள்விகள் உண்டு. நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது இரண்டாவதை. அப்பா பார்த்தது முதலாவதை.

அரசுத் தரப்பு ஒரு பழைய வழக்கைக் காட்டியிருந்தது. மேரிலாந்தில் சிப்பியைப் பதப்படுத்தி விற்பவர்கள் ஓட்டில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற சட்டத்தை 1929இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இதுவும் அப்படித்தானே என்று. ராபர்ட்ஸ் ஒப்பவில்லை. கடலில் கிடக்கும் சிப்பி பொதுச்சொத்து. திராட்சை விவசாயியின் உழைப்பால் விளைந்தது, அவருடையது. தத்துவஞானி ஜான் லாக் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எதில் என் உழைப்பு கலந்ததோ அது என்னுடையது. வருஷாவருஷம் வகுப்பில் இதை நடத்தும்போது பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பெண் கேட்பாள், "மிஸ், உழைச்சது கூலிக்காரங்கல்ல?" லாக்கிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, என் வேலைக்காரன் வெட்டிய புல்லும் என்னுடையதே என்பார். எந்த வகுப்பிலும் அது எடுபட்டதில்லை. ஃபிரஸ்னோவில் நாற்பது டிகிரி வெயிலில் குனிந்து குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் அறுத்துப் போட்டுவிட்டுப் போனபின் மிச்ச வேலையைச் செய்வது சூரியன். ஆக அந்தப் பழத்தில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று லாக்கையே கூட்டிவந்து நிறுத்தினாலும் பிரிப்பது கஷ்டம். இது விவசாயியைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. கடன் அவர் பெயரில், மழைப் பயம் அவருக்கு. "உழைப்பின் கனி" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முழு உரிமையையும் நிறுவிவிட முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

தீர்ப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பகுதி. கையகப்படுத்தல்தான் என்று எட்டு நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள், சோனியா சோட்டோமயர் ஒருவர் மட்டும் மறுத்தார். ஆனால் எட்டில் மூன்று பேர், பிரேயர் தலைமையில், ஈட்டுக் கணக்கில் பிரிந்தார்கள். ஒதுக்கியதால்தானே மீதி விற்ற திராட்சைக்கு விலை ஏறியது? அந்த ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் கொடுக்கவேண்டிய ஈடு ஒன்றுமே இல்லாமல்கூடப் போகலாமே என்றார்கள்.

என் மகனுக்குத் தெரிந்த பஞ்சாபி விவசாயி ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். அந்த வட்டாரத்தில் திராட்சை வைத்திருக்கும் சீக்கியக் குடும்பங்கள் நிறைய. செல்மா குருத்வாராவில் ஞாயிற்றுக்கிழமை லங்கர் சாப்பாட்டுக்கு மகன் கூட்டிப்போவான். கீரில் அவர்கள் தோட்டத்துத் திராட்சை கிடக்கும். "நாங்கள் எல்லாரும் கொடுத்தோம், பெஹன்ஜி. நாங்கள் கொடுத்ததால் விலை நின்றது. கொடுக்காதவர் அந்த விலைக்குத்தான் தன்னுடையதை முழுக்க விற்றார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். கூட்டாகத் தியாகம் செய்தால் நன்மை. ஒருவன் மட்டும் விலகினால் அவனுக்கு இரட்டிப்பு நன்மை. அறவியல் பாடப்புத்தகங்கள் பக்கம்பக்கமாக எழுதுகிற சிக்கல்.

அதனால்தான் கட்டாயம் வந்தது. 1912இல் அந்த வட்டாரத்து விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 1915இல் சன்-மெய்ட் என்ற பெயரும் சிவப்புத் தொப்பிப் பெண்ணின் படமும் வந்தன. லொரெய்ன் காலெட் என்ற அந்தப் பெண் அணிந்திருந்த தொப்பி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். சாந்தமான முகம். ஆனால் 1920களின் தொடக்கத்தில், கூட்டுறவில் சேராத விவசாயிகளின் வீட்டுக்கு இரவில் கும்பலாகப் போய் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். 1937 சட்டமும் 1949 ஆணையும் அந்த இரவுக் கும்பலின் வேலையைப் பகலில், தபாலில் செய்தன என்று சொன்னால் மிகை. முழுப் பொய்யும் இல்லை.

ஒதுக்குவதற்கு வேதத்தில் ஆதாரம் தேடுகிறவர்கள் யோசேப்பிடம் போவார்கள். செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒன்றை எடுத்துப் பட்டணங்களில் சேர்த்தான். பஞ்சம் வந்தபோது எகிப்து பிழைத்தது. அங்கேயே நிறுத்திவிடுவார்கள், பிரசங்கிகளும். ஆதியாகமம் நிறுத்துவதில்லை. நாற்பத்தேழாம் அதிகாரத்தில் (இந்த எண் என்னை விடமாட்டேன் என்கிறது) ஜனங்கள் அதே தானியத்துக்காக முதலில் பணத்தையும் பிறகு ஆடுமாடுகளையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். பூசாரிகளின் நிலம் மட்டும் தப்பியது. ஒதுக்குகிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒதுக்கிய பண்டம் அவன் கையில் அதிகாரமாகிவிடுகிறது. ஆனாலும் யோசேப்பு எதற்காக வைத்தான் என்பதில் சந்தேகமில்லை. பஞ்சத்துக்காக வைத்தான். திராட்சைக் கமிட்டி வைத்தது மிகுதிக்குப் பயந்து. நிறைய விளைந்துவிட்டதே என்பதுதான் அங்கே ஆபத்து.

பாளையங்கோட்டையில் அரபி நடத்திய என் நண்பரோடு இதைத் தொலைபேசியில் பேசினேன். அவர் உற்சாகமாகிவிட்டார், அவர்கள் மார்க்கத்தில் திராட்சைக்கே நேராக விதி இருக்கிறதாம். கொடியில் இருக்கும்போதே மதிப்பிட்டு, காய்ந்தபின் உலர்திராட்சையாகவே ஜகாத் என்னும் கடமைத் தர்மத்தை வாங்குவது நபிகள் காலத்து வழக்கம். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று. நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று, பாடு அதிகம் என்பதால். மதிப்பிடப் போகிறவர் மூன்றில் ஒன்றையோ நாலில் ஒன்றையோ கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு செய்தி உண்டு. வீட்டாரும் விருந்தாளியும் வழிப்போக்கரும் பறவையும் தின்பதற்கு. நோன்புப் பெருநாள் தர்மத்தில்கூட குறிப்பிட்ட அளவு பேரீச்சை, வாற்கோதுமை என்பதோடு உலர்திராட்சையும் சொல்லப்பட்டிருக்கிறது. அதே மார்க்கம், விலை ஏறட்டும் என்று உணவைப் பதுக்கி வைப்பதைப் பாவம் என்கிறது. "தன் நிலத்தில் விளைந்ததை வைத்திருப்பவன் பதுக்கல்காரன் ஆகமாட்டான் என்று சொன்ன சட்ட அறிஞர்களும் இருக்கிறார்கள், டீச்சர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சேர்த்துக்கொள்கிறேன்.

ஃபிரஸ்னோ முழுக்கப் பாசன நிலம். அந்தக் கணக்கில் ஐந்து சதவீதம். 47க்கும் 5க்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அளவுதான் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. ஜகாத்தை யாருக்குக் கொடுப்பது என்று குர்ஆனிலேயே எட்டு வகைப் பேர் இருக்கிறார்கள், ஏழையில் தொடங்கி. வாங்கப்போகிற ஆள் முதலில், எடுக்கிற பங்கு பிறகு. மோசேயின் சட்டமும் அப்படித்தான். தோட்டத்தில் விழுந்த பழத்தைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம். எங்கள் வீட்டில் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். நாங்கள் அரைவயிறு சாப்பிட்ட நாளிலும் போட்டாள். அரிசி மிஞ்சுகிறதா என்று பார்த்து அந்தப் பிடியை எடுத்ததில்லை.

கமிட்டியின் ஒதுக்குச் சரக்கும் வாய்க்குப் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட மதிய உணவுக்குப் போயிற்று, தர்ம நிறுவனங்களுக்குப் போயிற்று, வெளிநாட்டுக்குக் குறைந்த விலையில் போயிற்று. ஆனால் எந்தத் தகுதியில் போயிற்று? விதியில் இருந்த சொல் "போட்டியில்லாத வழிகள்". கொடுத்தால் சந்தை விலை குறையாத இடமாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னால், காசு கொடுத்து எப்படியும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்த வாய்களுக்கு. ஏழைப் பிள்ளை அங்கே நுழைந்தது பசித்தவன் என்பதால் இல்லை, வாடிக்கையாளன் ஆகமாட்டான் என்பதால். லேவியராகமத்தில் ஏழைக்கு உரிமை வருவது தோட்டம் கர்த்தருடையது என்பதால். இங்கே அவனுக்குப் பழம் வருவது அவன் சந்தைக் கணக்கிலேயே இல்லை என்பதால். கிண்ணத்தில் விழுகிற திராட்சை ஒன்றுதான். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

மகன் கேட்டான்: "அம்மா, திராட்சை இல்லாம யாரும் சாகலையே, எதுக்கு இவ்வளவு?" சரிதான், கோதுமை இல்லை. அபிகாயில் தாவீதின் கோபத்தை ஆற்றக் கொண்டுபோன நூறு வற்றல் குலைகளும் சோற்றுக்கு மேலே ஒரு மரியாதைதான். ஆனால் பண்டம் சிறிதாக இருக்கும்போதுதான் வழக்கம் நன்றாகத் தெரிகிறது. திராட்சையில் ஒரு திட்டம்கூட இருந்தது: கொடியின் காய்ப்புக் கிளைகளை வெட்டிவிட்டு அந்த வருஷம் விளைவிக்காமல் இருக்கும் விவசாயிக்கு, ஒதுக்குக் கிடங்கிலிருந்து மற்றவர்கள் கொடுத்த திராட்சைக்கான சீட்டு கிடைக்கும். அதை விற்றுக்கொள்ளலாம். கனி கொடாத அத்திமரத்தைச் சபித்தவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஒரு கை இப்படி ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, விளம்பரத்துக்கென்று இருந்த இன்னொரு வாரியம் ஆசையை வளர்த்துக்கொண்டிருந்தது. 1986இல் களிமண்ணால் செய்த திராட்சைகள் கையுறை போட்டுக்கொண்டு பாடி ஆடிய விளம்பரம் அமெரிக்கா முழுக்கப் பிரபலம். வில் வின்டன் கூடத்தில் உருவானது. பொம்மையும் சட்டையும் விற்றுத் தீர்ந்தன. காசு விவசாயிகளிடம் கட்டாயமாகப் பிடித்த சந்தா. அந்தச் சந்தா நியாயமா என்ற சண்டையில் 1994இல் அந்த வாரியமே கலைந்தது. என் பொருளை நான் புகழ்வது வேறு. எல்லாரும் சேர்ந்து எல்லார் பொருளையும் புகழ என்னைக் காசு கேட்பது வேறு. கலிபோர்னியாவின் பீச், பிளம் விவசாயிகள் இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சந்தா செல்லும் என்றது. 2001இல் காளான்காரர்கள் போட்டபோது செல்லாது என்றது. இதில் மூழ்க எனக்கு ஆர்வமில்லை. ஆடுகிற பொம்மை அழகாக இருந்தது என்று மகனின் பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் சொல்கிறார்.

2018இல் ஒதுக்கும் அதிகாரத்தையே ஆணையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விளைந்தது முழுதும் விவசாயியுடையது, விற்றுக்கொள்ளலாம். நாபோத் ஜெயித்துவிட்டானா? 2000இல் அங்கே இருந்த உலர்திராட்சைக் கொடிப் பரப்பில் இன்று பாதிகூட இல்லை. பிடுங்கிய இடத்தில் நிறையப் பேர் பாதாம் வைத்துவிட்டார்கள். பிதாக்களின் சொத்தை ராஜா கேட்காமலே விட்டுவிடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது போலும்.

மிச்சம் இருப்பது ஒரு பழைய ஏற்பாடு (வேதத்தைச் சொல்லவில்லை). 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, அமெரிக்கா சுங்க வருமானத்தில் 30 சதவீதத்தை வேளாண் துறைக்கு ஒதுக்குகிறது. மிகுதியான விளைபொருளை அதில் காசு கொடுத்து வாங்கிப் பள்ளிகளுக்கும் உணவு வங்கிகளுக்கும் கொடுக்கிறார்கள். உலர்திராட்சையும் அப்படி வாங்கப்படுகிறது. விவசாயிக்குப் பணம், பிள்ளைக்குப் பழம். இதுவரை நான் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே ஒரு உறுத்தல்: வாங்கத் தூண்டுவது இங்கேயும் விலைச் சரிவுதான். பசி கூடின வருஷத்தில் விலையும் கூடியிருந்தால் யாரும் திராட்சை வாங்கிக் கொடுக்கப் போவதில்லை.

இதை அந்தப் பஞ்சாபிச் சர்தார்ஜியிடம் லங்கரில் சொன்னேன். அவர் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தஸ்வந்தாக எடுத்துவைக்கிற மனிதர், அந்தச் சாப்பாடே அப்படி வந்ததுதான்.

"பசியைப் பார்த்து வாங்கினால், பெஹன்ஜி, அமோகமாக விளைந்த வருஷத்தில் நாங்கள் எங்கே போவது?"

"அமோகமாக விளைந்த வருஷத்தில் யாருக்கும் பசிக்காதா, பாய் சாஹிப்?"

அவர் என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைக்கச் சொல்லிப் பரிமாறுகிற பையனுக்குச் சைகை காட்டினார். "இதையெல்லாம் கமிட்டியில் பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லவேண்டும்" என்றார். "நான் இத்தனை வருஷம் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது."